வலது தோளில் ஒரு தழும்பு

அரியமங்கலத்தில் என் பட்டறையைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் ஊருக்குப் புதியவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அடுத்தவர் பட்டறையில் லேத்துக்கு அடியில் விழும் இரும்புச் சுருளைப் பெருக்கி அள்ளுவதில் தொடங்கினேன். இன்றைக்கு என் பெயரில் மூன்று கொட்டகை நிற்கிறது. ஒரு இரும்புத் தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் போதும், அளவைச் சொல்லிவிடுவேன். படித்த பிள்ளைகள் கருவி வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் கண் அப்படிப்பட்ட கண்.

தென்னூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் மெதடிஸ்ட் சபையிலும் என் கைபடாத இரும்பு கிடையாது. வாசல் கேட், சன்னல் கம்பி, மணி தொங்குகிற சட்டம் எல்லாம் நான் செய்து கொடுத்தவை. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் எங்கள் சபைக்கு உண்டு. கேட்பாரற்றுக் கிடந்து, போலீஸார் காத்திருந்து பார்த்தும் யாரும் தேடி வராத உடல்களை வாங்கி அடக்கம் செய்கிறோம். எந்த மதம், எந்த ஊர் என்று தெரியாது. கழுவி, புது வேட்டி போர்த்தி, ஜெபம் செய்து, எங்கள் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் எங்களவர் போலவே வைப்போம். வண்டி என்னுடையது. மேலே நடுகிற சிலுவையும் என் பட்டறையில் சதுரக் குழாயை வெட்டி நானே பற்றவைப்பது. கழுவுவதும் பெரும்பாலும் நானும், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற என் சிநேகிதரும்தான்.

புது வருஷத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உடன்படிக்கை ஆராதனை. சபை முழுக்க எழுந்து நின்று, இந்த வருஷம் ஆண்டவர் எங்கே நிறுத்தினாலும் நிற்கிறேன், யார் பக்கத்தில் உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிற நாள். எங்கள் சபையில் அதற்கு முன்னால் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. போன வருஷம் நாங்கள் அடக்கம் செய்த பெயரில்லாதவர்களைப் பற்றி, அவர்களைக் கழுவியவர் எழுந்து ஓரிரு வார்த்தை சொல்ல வேண்டும். உயரமானவர், கையில் பச்சை குத்தியிருந்தது, நல்ல பல்வரிசை, இப்படி. ஒரு மனுஷன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

அந்த மார்கழியில் கொள்ளிடக் கரையோரம் கிடைத்த ஒருவரை வாங்கி வந்தோம். வயதானவர். இடுப்பில் வேட்டி மட்டும். தண்ணீரில் கிடந்த முகம்; அதைப் பற்றி மேலே சொல்ல வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் நான் வலது பக்கம் நின்று கழுவினேன், கண்டக்டர் இடது பக்கம். வலது தோளுக்குக் கீழே ஒரு பழைய சுட்ட தழும்பு இருந்தது. என் இரண்டு கையிலும் அப்படித் தழும்புகள் நிறைய. வெல்டிங் பொறி சட்டையைத் துளைத்துக்கொண்டு இறங்கினால் அப்படித்தான் ஆகும். பார்த்ததும் எனக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. ‘யோவ், இவர் நம்ம தொழில்காரர்’ என்று கண்டக்டரிடம் சொன்னேன்.

உடன்படிக்கை ஞாயிற்றில் எழுந்து நின்று அதையேதான் சொன்னேன். கொஞ்சம் நன்றாகவே சொன்னேன். இவர் இரும்போடு மல்லுக்கட்டிப் பிழைத்தவர், நெருப்பு இவர் தோளில் கையெழுத்துப் போட்டிருந்தது, நான் அவரைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன், அவர் என் சகோதரர் என்றேன். சபை ஆமென் சொன்னது. முன்வரிசையில் ஒரு சகோதரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ என் பேச்சை போனில் பிடித்து சபை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அதை நானே பலமுறை போட்டுக் கேட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு பகலில் அந்த அம்மா பட்டறைக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர். தலையில் மல்லிகை, நெற்றியில் பெரிய குங்குமம். ஸ்ரீரங்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அங்கே பக்கத்து வீட்டு நர்ஸ் எங்கள் சபைப் பெண். அவள்தான் என் பேச்சைப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

அவர் வீட்டுக்காரர் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் வாழ்நாள் முழுக்கத் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். கத்திரியால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. நூல் பிடித்த மாதிரி நேராக வருமாம். வேலையை விட்டு நின்ற பிறகு மறதி வந்துவிட்டது. ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. இந்த அம்மாவும் இவர் கூடப் பிறந்த தம்பியும் பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, திருப்பதி வரைக்கும் தேடியிருக்கிறார்கள். போலீஸில் காட்டிய போட்டோவில் முகம் பிடிபடவில்லை.

லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேச்சு கேட்கவில்லை என்று அணைத்தேன்.

“ஐயா, தோள்ல சுட்ட தழும்புன்னு சொன்னீங்களே. எந்தத் தோள்?”

“வலதும்மா. வெல்டிங் பொறி.”

“எங்க வீட்டுக்காரர் நெருப்புப் பக்கமே போனவர் இல்ல. ஆனா வேலைய விட்டு நின்னதும் ஆச்சாரியார்கிட்ட முத்திரை வாங்கிக்கிட்டார். வலது தோள்ல சக்கரம், இடது தோள்ல சங்கு. காய்ச்சி வைப்பாங்க. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.”

எனக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்துக்கு எத்தனையோ தடவை இரும்பு இறக்கப் போயிருக்கிறேன். சட்டை போடாத தோள்களைப் பார்த்திருப்பேன். ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

“நீங்க பாத்தது எப்படி இருந்துச்சு?”

“வட்டம்மா. வட்டம் மாதிரி.”

“மாதிரின்னா?”

என் தொழிலில் அந்த வார்த்தையை நான் யாரையும் சொல்ல விட்டதில்லை. அளவு மாதிரி இருக்கிறது என்று சொன்ன ஆட்களை வெளியே அனுப்பியிருக்கிறேன். இடது தோள் எப்படி என்றார். அந்தப் பக்கம் நான் கழுவவில்லை என்றேன். அவர் பக்கத்தில் கிடந்த இரும்பு முக்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை.

“ஆமாம்னு நீங்க சொன்னா நான் இன்னிக்கே வீட்டுக்குப் போயி பொட்ட அழிக்கணும். இல்லன்னா அவர் எங்கயோ பசியோட உக்காந்திருக்கார், நான் போயித் தேடணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க ஐயா. நடுவுல இருக்க முடியல.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். இடது தோளில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

“அண்ணே, நான் கழுவுறப்ப கண்ண மூடிக்குவேன். உங்களுக்குத் தெரியாதா?”

இத்தனை வருஷம் எதிரில் நின்று கழுவிய எனக்கு அது தெரியாது. ஜெபம் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். பயம் என்றார். ‘டிக்கெட் கிழிச்ச கை அண்ணே, இருட்டுலயும் தானா வேலை செய்யும்’ என்று சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரித் தாளில் பழைய தழும்பு என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை, எழுதிய டாக்டருக்கும் நினைவில்லை. குழியைத் திறந்தாலும் இனி தோல் மிஞ்சாது என்றார். வேறு சோதனை செய்யலாம் என்றால் ரத்த உறவு வேண்டும். அந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஆகக் கடைசியில் உலகத்தில் அந்தத் தோளைப் பார்த்த கண் என்னுடையது ஒன்றுதான்.

எங்கள் போதகர் இளைஞர். பாஸ்டர் என்று கூப்பிடுவோம். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. இந்த சபையில் எனக்குத் தெரியாதது என்று ஒன்று எப்போது இருந்தது?

அதிலிருந்துதான் நான் கழுவிய அந்த மனிதர் என்னோடு இருக்க ஆரம்பித்தார்.

எத்தனையோ பேரைக் கழுவியிருக்கிறேன். ஒருவரும் என் பின்னால் வந்ததில்லை. அதையும் பெருமையாகச் சொல்வது வழக்கம். இவர் வந்தார். மத்தியானம் கரண்டு போய் எல்லா எந்திரமும் ஒரேயடியாக நிற்கும்போது, வெளியே தார்ச்சாலை வெயிலில் மினுங்கிக்கொண்டிருக்கும்போது, கொட்டகைக்குள் துணி கிழிகிற சத்தம் கேட்கும். சின்னதாக ஒரு வெட்டு, பிறகு நீளமாக ஒரே இழுப்பு. ஆட்களைக் கேட்டால் ஒன்றும் கேட்கவில்லை என்பார்கள். பட்டறையில் கிழிக்கிற துணி ஏது? பழைய சாக்குதான் உண்டு. அதைக்கூட ஒருநாள் எடுத்துப் பார்த்தேன்.

திரும்பினால் வலது பக்கம், கை எட்டாத தூரத்தில், யாரோ முதுகு காட்டி நிற்பது போல இருக்கும். தோள் தெரியும். தழும்பு தெரியாது. சுற்றி வந்து பார்க்கப் போனால் சுவரில் சாத்திய குழாய்க் கட்டு. கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி என் தழும்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எது பொறி விழுந்தது, எது ராடு பட்டது என்று எனக்கு எல்லாம் தெரியும். அந்தத் தோளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மட்டும் ஒன்றும் வராது. பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தவரின் சட்டைக்கு அடியில் என்ன இருக்கும் என்று யோசிப்பேன். ஆலயத்தில் பாட்டு நடக்கும்போது முன்வரிசை முதுகுகளை எண்ணாமல் இருக்க முடியாது.

எனக்கு அதிலும் ஒரு பயம். அவர் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்றால், பெருமாள் முத்திரையைத் தோளில் வாங்கிய மனுஷரை ஆண்டவர் சந்நிதியில் நின்று இரும்புக்காரர் என்று அறிவித்தவன் நான். சபையே ஆமென் சொல்லியிருக்கிறது. அவர் தன்னைத் திருப்பிக் கேட்டு வந்திருக்கிறாரோ? நான் துணி அளந்தவன்யா, என்னை ஏன் உன் பட்டறையில் சேர்த்தாய் என்று?

அந்த அம்மா போன் செய்யவில்லை. அவருடைய தம்பிதான் செய்தார். அவரும் அதே நாளில், அதே ஆச்சாரியாரிடம், அதே அச்சில் முத்திரை வாங்கியவராம். நேரில் வந்து என் தோளைப் பாருங்கள், பார்த்தால் உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும் என்றார். எனக்கு அது சரியான வேலையாகப் பட்டது. ஒரு பாகம் தொலைந்தால் அதன் ஜோடியைக் கொண்டுவா, ஒப்பிட்டுச் சொல்கிறேன் என்பதுதானே என் வழக்கம்?

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆட்டோவில் போனேன். அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. கூடத்தில் வீட்டுக்காரர் படம் சுவரில் இருந்தது. படத்துக்கு மாலை போடவில்லை, பொட்டும் வைக்கவில்லை. கீழே அவருடைய மூக்குக் கண்ணாடி துடைத்து வைக்கப்பட்டிருந்தது, திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ள. அந்த அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணோரம் நின்றார்.

தம்பி சட்டையைக் கழற்றி, சன்னல் வெளிச்சத்துக்கு வலது தோளைத் திருப்பினார்.

“நல்லா கிட்ட வந்து பாருங்க. தொட்டும் பாக்கலாம்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வட்டம். சுற்றிலும் சின்னச் சின்னச் சுடர். எங்கள் பாஷையில் சொன்னால் பல்சக்கரம். என் கையால் எத்தனை பல்சக்கரம் வெட்டியிருப்பேன். கட்டைவிரலால் தடவினேன். மேடும் பள்ளமும் விரலுக்குத் தெரிந்தன. பிறகு கண்ணை மூடி, அந்த மார்கழிக் காலையை, அந்தக் கொட்டகையை வரவழைத்தேன்.

வந்தது. ஈரமான தோள், அதில் சக்கரம், சுடர் ஒவ்வொன்றும் தனித்தனியாக. இத்தனை நாள் மங்கலாக இருந்தது வரைபடம் போட்ட மாதிரி நின்றது. ‘ஆமாம்மா, இதேதான்’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது மனத்துக்குள் அந்த உடல் கொஞ்சம் திரும்பியது. இடது தோளும் தெரிந்தது. அதில் சங்கு இருந்தது. சுருள்கூட அழகாகத் தெரிந்தது.

நான் இடது தோளைப் பார்க்கவே இல்லை.

 எதிரில் இருந்த தம்பி சட்டையைக் கழற்றியபோது அவருடைய இடது தோளைப் பார்த்திருந்தேன். அந்தச் சங்கை எடுத்து என் கண்ணே செத்தவர் தோளில் வைத்துக் கொடுத்திருக்கிறது. அப்படியானால் சக்கரத்தையும் அதேதான் வைத்திருக்கும். ஜோடியைப் பார்க்கப் போய், கையில் இருந்த கொஞ்சநஞ்ச உண்மையான மங்கலையும் அழித்துக்கொண்டேன். இனி நான் சாகும்வரை நினைத்தாலும் அந்தத் தோளில் சக்கரம்தான் தெரியும். இருந்ததோ இல்லையோ.

“என்ன ஐயா?” என்றார் அந்த அம்மா.

“தெரியலம்மா.”

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே, “வாட்ஸ்அப்ல அவ்வளவு தெளிவா பேசினீங்களே பட்டறைக்காரரே” என்றார். நியாயம்தான். நான் நடந்ததை உள்ளபடி சொன்னேன், சங்கு வரைக்கும். சொல்லும்போது என் குரல் எனக்கே வேற்றாளுடையது போல இருந்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆமாம் என்றிருந்தால் மற்ற காரியங்களை முடித்துவிட்டு அக்காவைத் என் வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன் என்றார். அவர் பாரம் அவருக்கு.

அந்த அம்மா நான் தொடாத காப்பியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“கழுவினப்ப தண்ணி பச்சத் தண்ணியா இருந்துச்சா?”

“இல்லம்மா. மார்கழி. நான்தான் அடுப்பு மூட்டி வெதுவெதுப்பா வச்சேன்.”

தலையை மட்டும் ஆட்டினார்.

“ஒண்ணு செய்யுங்க. அங்க படுத்திருக்கிறவர் யாருன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரும்பு வேலைக்காரர்னு நீங்க சொன்னத மட்டும் திருப்பி எடுத்துக்கங்க. எங்க ஆளா இருந்தா அவருக்கு அது பொருந்தாது. வேற வீட்டு ஆளா இருந்து, அவங்க தேடிக்கிட்டு வந்தா, உங்க பேச்சைக் கேட்டு இது நம்ம ஆளு இல்லன்னு திரும்பிப் போயிடுவாங்க.”

சிலுவையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அடையாளம் இல்லாவிட்டால் அந்த இடமே தொலைந்துபோகும் என்றார்.

அடுத்த ஞாயிறு, அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்தேன். சபையில் நான் பேச எழுந்தால் பொதுவாக ஒரு சலசலப்பு வரும், ஏதோ நன்கொடை அறிவிக்கப் போகிறேன் என்று. உடன்படிக்கை ஞாயிற்றில் நான் சொன்னது எனக்குத் தெரியாதது என்றேன். அவர் என்ன தொழில் செய்தவர் என்று தெரியாது. எந்த சாமியைக் கும்பிட்டவர் என்று தெரியாது. வலது தோளில் ஒரு தழும்பு இருந்தது, அது எதனுடையது என்று நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான். இந்தத் தடவை ஆமென் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. உட்கார்ந்தபோது கண்டக்டர் என் முழங்கால் மேல் கையை வைத்தார். இதையும் வாட்ஸ்அப்பில் போடச் சொன்னேன். அதை நான் ஒருதடவைகூடக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் துணி கிழிகிற சத்தம் நின்றுவிட்டதா என்று கண்டக்டர் கேட்டார். நிற்கவில்லை. கரண்டு போனால் இப்போதும் கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் அங்கேயே நின்றுவிட்டுப் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மாசி மாதத்தில் அந்த அம்மா கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வண்டியில் நானே கூட்டிப்போனேன். காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. முந்தானை நுனியில் துளசி முடிந்து கொண்டுவந்திருந்தார். யாராக இருந்தாலும் துளசி வைக்கலாம் இல்லையா என்று என்னைக் கேட்டார். வைக்கலாம் என்றேன். சபைக் கமிட்டியைக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் கால் என்று கேட்டார். காட்டினேன். அங்கே வைத்தார். குனிந்து கும்பிடப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டு, கையைக் கூப்பி வெறுமே நின்றார். சிலுவையின் நிழல் அவர் காலடியில் விழுந்திருந்தது. வேறு யாரோ ஒருவரும் அங்கே எங்களோடு நிற்பது போலவே எனக்கு இருந்தது. அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தம்பியோடு பழனிப் பக்கம் போவதாகவும், அங்கே மண்டபத்தில் ஒரு பெரியவர் யாரிடமும் பேசாமல் இருக்கிறார் என்று யாரோ சொன்னதாகவும் சொன்னார்.

கேட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டவர் சட்டென்று கையை நிறுத்தினார். நெற்றியை என் பக்கம் நிமிர்த்திக் காட்டினார்.

“பொட்டு அழிஞ்சிருச்சா, பாத்துச் சொல்லுங்க.”

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கிட்டப் போய்ப் பார்த்தேன்.

“இருக்கும்மா. அப்படியேதான் இருக்கு.”